ட்ரைட்டன் மோட்டார் சைக்கிள்: அறிகுறியிலிருந்து பழுதைக் கண்டுபிடித்தல்

நார்ட்டன் நிறுவனத்தின் ஃபெதர்பெட் என்ற சட்டத்துக்குள் (ஃபிரேம்) ட்ரையம்ஃப் நிறுவனத்தின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினை உட்கார வைத்த வண்டிதான் ட்ரைட்டன். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் இங்கிலாந்தின் வேகப்பித்துப் பிடித்த இளைஞர்கள் பெரும்பாலும் வீட்டுக் கொட்டகையிலேயே இதைச் செய்துகொண்டார்கள். பெரிய நிறுவனம் எதுவும் இதைத் தயாரித்து விற்றதில்லை. அதனால் எஞ்சினுக்கு ட்ரையம்ஃப் கையேடு உண்டு, சட்டத்துக்கும் முன்ஃபோர்க்குக்கும் நார்ட்டன் கையேடு உண்டு, இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு மட்டும் கையேடு கிடையாது. இவ்வண்டியை வீட்டில் புதுப்பிப்பவர் சந்திக்கும் தொல்லைகளில் பெரும்பங்கு அந்தச் சந்திப்பில்தான் பிறக்கிறது. எஞ்சினைச் சட்டத்தில் பிடித்து நிறுத்தும் எஞ்சின் தட்டுகள், மாற்று ஆயில் டேங்க், புதிதாக இழுத்த வயர்கள், செயின் ஓடும் கோடு ஆகியவற்றைப் பார்த்து முடிக்காமல் எஞ்சினைப் பிரிக்கக் கூடாது என்பதே கீழே உள்ள வரிசையின் அடிப்படை.

அளவுகள் 650 சிசி எஞ்சினுக்கு உரியவை. 1962 வரை வந்தவற்றில் கியர்பாக்ஸ் தனியாக இருக்கும், அவை ப்ரீ-யூனிட். 1963 முதல் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்தன, அவை யூனிட். வேறுபாடு முக்கியமாகும் இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன். விட்வொர்த் அளவு ஸ்பேனர்கள், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், ஸ்ட்ரோப் விளக்கு ஆகியவை கைவசம் இருக்க வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனரை எப்படியோ பொருத்தித் திருகினால் நட்டின் முனைகள் மழுங்குவதைத் தவிர வேறு பலன் இராது.

## கிக்கரை உதைத்தும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை

இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, மூடிகளில் மீண்டும் செருகி, அவற்றின் உலோக உடல் ஹெட்டைத் தொடும்படி படுக்க வைத்து உதைத்துப் பார்க்க வேண்டும். பிளக் துளைக்கு நேராக வைக்கக் கூடாது; உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பொறி தெரிகிறதா, பிளக் நனைந்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடையே அடுத்து எங்கே போவது என்பதைத் தீர்மானிக்கும்.

### பொறியே இல்லை: மேக்னெட்டோ வண்டி

எஞ்சின் சுழற்சியிலேயே பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் லூக்கஸ் கே2எஃப் மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. ஆகவே முதலில் எஞ்சினை நிறுத்தும் பொத்தானுக்குச் செல்லும் வயரை மேக்னெட்டோ முனையில் கழற்றிவிட்டு உதைக்கலாம். பொறி வந்துவிட்டால் மேக்னெட்டோவில் குறையில்லை; பொத்தானிலோ, பெட்ரோல் டேங்குக்கு அடியில் நசுங்கிய வயரிலோ மின்சாரம் சட்டத்துக்குள் கசிகிறது. டேங்கை ஏற்றி இறக்கும் வண்டிகளில் இது மிகச் சாதாரணம்.

அடுத்து பாயின்ட், அதாவது மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுகங்கள். இடைவெளி 0.012 அங்குலம் இருக்க வேண்டும். முகங்களுக்கு இடையே சுத்தமான காகிதத் துண்டைச் செருகி இழுத்தால் ஆயில் கறை காகிதத்தில் தெரியும். கறை போகும்வரை புதுத் துண்டால் இழுக்க வேண்டும். அதன் பிறகு ஒரு பக்க ஹெச்டி பிக்கப்பை (பிளக் வயருக்கு உயர் அழுத்த மின்சாரத்தை எடுத்துத் தரும் பாகம்) கழற்றி, பெட்ரோலில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியைப் பென்சில் முனையில் சுற்றி, துளைவழியே உள்ளே சுழலும் வளையமான ஸ்லிப் ரிங்மேல் அழுத்தியபடி மற்றொருவரை எஞ்சினை மெதுவாகச் சுற்றச் சொன்னால், கார்பன் தூசி கருஞ்சாம்பல் பசையாகத் துணியில் ஒட்டிக்கொண்டு வரும். நெடுநாள் கிடந்த வண்டியில் இந்தத் தூசியே பொறியை விழுங்கிவிடப் போதுமானது. பிக்கப்பின் கார்பன் பிரஷ் தடையின்றி உள்ளே போய் வருகிறதா, அதன் உடலில் மயிரிழை விரிசல் உள்ளதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் பொறி இல்லையென்றால் மேக்னெட்டோவுக்குள் சுழலும் சுருளான ஆர்மேச்சர் போயிருக்கிறது. வீட்டில் அதைச் செய்ய முயலாமல் மேக்னெட்டோ சுற்றும் தொழிலாளியிடம் கொடுத்துவிட வேண்டும்.

### பொறியே இல்லை: காயில் வண்டி

இதில் பேட்டரி மின்சாரத்தைக் காயில் உயர்த்திப் பொறி தருகிறது. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். மின்னணு இக்னிஷன் பெட்டி பொருத்திய வண்டிகளில் பேட்டரி தளர்ந்திருந்தால் பொறி வரும், ஆனால் தவறான நேரத்தில் வரும். இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்துப் பலரும் நாள்கணக்கில் அலைவதுண்டு. இந்த வண்டிகளில் பேட்டரியின் நேர்முனையே எர்த் என்பதை மறந்துவிடக் கூடாது. முன்பு யாரேனும் மாற்றி இணைத்திருந்தால் பெட்டி எரிந்திருக்கவும் கூடும்.

புதுப்பித்த வண்டிக்கே உரிய பழுது ஒன்றுண்டு. சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் செய்தபின் அந்தப் பூச்சு மின்சாரத்தைத் தடுத்துவிடுகிறது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து சிலிண்டர் ஹெட் போல்ட்டுக்குத் தடித்த வயர் ஒன்றை நேராக இழுத்துவிட்டால் இந்தச் சந்தேகம் அன்றோடு தீரும். பாயின்ட் வைத்த காயில் வண்டியானால் இடைவெளி 0.015 அங்குலம்.

### பொறி இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது

பெட்ரோல் வரவில்லை. பெட்ரோல் டேப்பைத் திறந்து, கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றிப் பாட்டிலில் பிடித்தால் தாரையாக வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பின் சல்லடை அடைத்திருக்கிறது. தாரையாக வந்தும் டிக்லரை (மிதவையை அழுத்தும் பொத்தான்) அழுத்தும்போது கார்புரேட்டர் நனையவில்லையென்றால் மிதவை ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நனைந்தும் எஞ்சின் எழவில்லையென்றால், மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் சிறுதுளையான பைலட் ஜெட் அடைத்திருக்கும். அமல் நிறுவனத்தின் மோனோபிளாக் கார்புரேட்டரில் அதைக் கழற்றி ஊதிவிடலாம். 1967 முதல் வந்த கான்சென்ட்ரிக்கில், உள்ளே அழுத்திப் பொருத்திய பைலட் துளை இருந்தால், 0.016 அங்குல டிரில் முனையைக் கையால் மட்டும் சுழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஜெட்டிலும் ஸ்லைடிலும் மரப்பிசின் போன்ற பழுப்புப் பசை காணப்பட்டால் கார்புரேட்டரை விட்டுவிட்டு டேங்கைப் பார்க்க வேண்டும். அக்காலத்து ட்ரைட்டன்களில் ஃபைபர்கிளாஸ் டேங்க் பரவலாக இருந்தது. அதன் ரெசினை எத்தனால் கரைக்கிறது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. உயர்தர பெட்ரோலில் 5 விழுக்காடு வரை இருக்கலாம். கரைந்த பசையை எத்தனை முறை துடைத்தாலும் அது திரும்பிவரும். டேங்கின் உள்பூச்சைத் தகுந்தவரிடம் புதிதாகப் போட்டுக்கொள்வது, அல்லது அலுமினிய டேங்குக்கு மாறுவது என்ற இரண்டே வழிகள்தான். இரண்டாவதே என் தேர்வு.

### பொறி இருக்கிறது, பிளக் பெட்ரோலில் ஊறியிருக்கிறது

பெட்ரோலை மூடி, த்ராட்டிலை முழுதும் திறந்து உதைத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றிவிட்டு, மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்க்கலாம். உள்ளே பெட்ரோல் தளும்பினால் மிதவை ஓட்டை. ஓட்டை இல்லையெனில் ஊசியும் இருக்கையும் தேய்ந்திருக்கின்றன.

### கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது

உதைப்பதை உடனே நிறுத்த வேண்டும். கணுக்கால் முறியக்கூடிய பழுது இது. கையால் நேரம் மாற்றும் லீவர் இருந்தால் அது பின்தள்ளிய நிலையில் உள்ளதா என்று பார்க்கலாம். வேகத்துக்கேற்பப் பொறி நேரத்தை முன்தள்ளும் தானியங்கி அட்வான்ஸ் பொருத்தியிருந்தால் எடைகள் விரிந்த நிலையிலேயே துருப்பிடித்து நின்றிருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். இரண்டும் சரியென்றால் இக்னிஷன் டைமிங்கை மீண்டும் அமைக்க வேண்டும். யூனிட் 650 எஞ்சினுக்கு முழு அட்வான்ஸில் ஆண்டைப் பொறுத்து 38 அல்லது 39 டிகிரி என்பது தொழிற்சாலை அளவு. நிறுத்தி வைத்து அமைத்ததை ஓடும்போது ஸ்ட்ரோப் விளக்கால் சரிபார்க்காமல் விடக் கூடாது.

## குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடுகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது

இந்த ஒரே அறிகுறிக்குள் ஐந்து வேறு பழுதுகள் ஒளிந்திருக்கலாம். நின்ற இடத்திலேயே, எஞ்சின் ஆறுவதற்குள் சோதித்தால்தான் அவற்றைப் பிரித்தறிய முடியும். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபின் எல்லாம் சரியாகவே இருப்பதாகத் தெரியும்.

நின்றவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறப்பது. காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, அதன் பிறகு எஞ்சின் எழுந்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, செலவு ஏதுமில்லை. புதிதாக வாங்கிப் பொருத்திய பந்தய பாணி மூடிகளில் துளையே இல்லாமல் இருப்பதும் உண்டு.

மூடி சரியென்றால் பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பார்க்க வேண்டும். பொறி பலமாக இருக்கிறதென்றால் கார்புரேட்டரைத் தொட்டுப் பார்க்கலாம். கை வைக்க முடியாத சூடு இருந்தால் பெட்ரோல் உள்ளேயே கொதிக்கிறது. ஹெட்டுக்கும் கார்புரேட்டருக்கும் இடையே வெப்பம் தடுக்கும் ட்யூஃப்னால் தட்டு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் சேர்க்க வேண்டும். சூடான எஞ்சினில் டிக்லரை அழுத்தும் பழக்கமும் வேண்டாம். அதனால் பிளக் ஊறிப்போய் அதே அறிகுறி தோன்றும்.

பொறி உண்டு, பெட்ரோலும் சரி, ஆனால் கிக்கரை அழுத்தும்போது எதிர்ப்புக் குறைவாக இருக்கிறதென்றால் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையிலுள்ளது) சந்தேகிக்க வேண்டும். ட்ரையம்ஃபின் போனவில் எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் உள்வால்வு 0.002 அங்குலம், வெளிவால்வு 0.004 அங்குலம். இவ்வளவு குறுகிய இடைவெளியில் சிறு பிசகு நேர்ந்தாலும் சூடானபின் வால்வு முழுதும் மூடாது. வேறு கேம்ஷாஃப்ட் உள்ள எஞ்சின்களுக்கு இடைவெளியும் வேறு; ட்ரைட்டன்களில் யாரோ எப்போதோ கேம் மாற்றியிருப்பது சகஜமாதலால், உள்ளே இருப்பது எது என்று தெரிந்த பிறகே அளவை நம்ப வேண்டும்.

பொறி மெலிந்து மஞ்சளாக இருக்கிறது, அரைமணி நேரம் ஆறியபின் மீண்டும் நீலமாக வருகிறது என்றால் மேக்னெட்டோவின் கன்டென்சர்தான். உறுதிசெய்ய, இருட்டில் பாயின்ட் மூடியைத் திறந்து வைத்து, எஞ்சின் ஓடும்போது பாயின்ட் முகங்களைப் பார்க்கலாம். நல்ல கன்டென்சர் இருந்தால் அங்கே தீப்பொறி அரிதாகவே தெரியும். பழுதானதென்றால் தொடர்ந்து நீலப்பொறி சிதறும், முகங்களும் கருத்திருக்கும். கே2எஃப்பில் கன்டென்சர் ஆர்மேச்சருக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. அதை மாற்ற ஆர்மேச்சரை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் காந்தம் தளர்ந்து, மீண்டும் காந்தமேற்ற வேண்டிவரும். பழைய சுருளின் அரக்குக் காப்பும் வெப்பத்தில் இளகியிருக்கும் என்பதால், கன்டென்சரை மட்டும் மாற்றச் சொல்லாமல் சுருளையும் புதிதாகச் சுற்றச் சொல்வதே சிக்கனம். இது தொழிலாளியின் வேலை. அனுப்பும்போது பாயின்ட் தட்டையும் பிக்கப்புகளையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

## ஆயில் டேங்குக்குத் திரும்பவில்லை

மற்ற எந்த அறிகுறியையும் ஒருநாள் தள்ளிப்போடலாம், இதை ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ட்ரையம்ஃப் எஞ்சினில் ஆயில் தனி டேங்கிலிருந்து இறங்கி, எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸிலிருந்து பம்பால் மேலே அனுப்பப்படுகிறது. ஸ்டார்ட் செய்ததும் டேங்க் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துத் திரும்பும் குழாயைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் தாரையாகவும் பின்னர் நுரையும் காற்றுமாகத் துப்பித் துப்பியும் வருவது இயல்பு. ஒரு நிமிடத்துக்குள் எதுவும் வரவில்லையென்றால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

நிறுத்தியபின் டேங்கில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

### மட்டம் இறங்கவே இல்லை

ஆயில் எஞ்சினுக்குப் போகவில்லை. சட்டத்துக்கு ஏற்பப் புதிதாகச் செய்த அலுமினிய டேங்குகளில் இரண்டு குழாய்களும் மாறி இணைக்கப்பட்டிருப்பது முதற்காரணம். டேங்கின் அடியிலிருந்து சல்லடை வழியாக இறங்குவதே உட்செல்லும் குழாய். மேலே மூடிக்கு அருகில் முடிவதே திரும்பும் குழாய். எஞ்சின் முனையில் எது எது என்பதைக் கையேட்டுப் படத்தோடு ஒப்பிட வேண்டும். குழாய் சரியென்றால் சல்லடையையும், ரப்பர்க் குழாயின் உள்தோல் பிரிந்து மடிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் குழாயை ஆயிலுக்குப் போட்டிருந்தால் சட்டத்தின் வளைவில் அது மடங்கி நிற்கும்.

### மட்டம் இறங்கியிருக்கிறது, ஆயில் கிராங்க்கேஸில் தேங்குகிறது

பம்பின் திருப்பி அனுப்பும் பக்கம் வேலை செய்யவில்லை. டைமிங் கவரைக் கழற்றினால் பம்ப் இரண்டு நட்டுகளில் நிற்பது தெரியும். தடித்த பிளஞ்சரே திருப்பி அனுப்புவது. அடியிலுள்ள இரு மூடிகளைத் திறந்து, குண்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் கழுவிப் பார்த்தால் பெரும்பாலும் உலோகச் சீவலோ பழைய கேஸ்கட் பசையோ குண்டின் கீழே சிக்கியிருக்கும். டேங்கை வெல்டிங் செய்தபின் சரியாகக் கழுவாமல் பொருத்தினால் சீவல் அங்கிருந்துதான் வருகிறது. சுத்தம் செய்தபின் குண்டை இருக்கையில் வைத்து, பித்தளைத் தண்டால் ஒரு லேசான தட்டுத் தட்டினால் குண்டு இருக்கையில் சரியாகப் பதியும். பிளஞ்சர்களை இயக்கும் பித்தளைக் கட்டை தேய்ந்து ஆடினால் அதையும் மாற்றிவிடலாம், விலை குறைவு.

### நிறுத்தி வைத்த வண்டியில் ஆயில் தானாகவே இறங்கிவிடுகிறது

சில வாரங்கள் நின்றபின் முதல் ஸ்டார்ட்டில் இருபுறமும் நீலப்புகை கக்கினால் பிஸ்டன் ரிங்மீது பழி போடுவதற்கு முன், அடுத்த முறை அப்படி நின்றபின் உதைக்கும் முன்னரே கிராங்க்கேஸ் அடிமூடியைத் திறந்து எவ்வளவு வடிகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கோப்பைக்கு மேல் வடிந்தால் உட்செலுத்தும் பக்கக் குண்டு சரியாக மூடவில்லை. மேலே சொன்ன அதே சுத்தம்தான் மருந்து. உட்செல்லும் குழாயில் டேப் பொருத்தும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அதைத் திறக்க மறந்து ஓட்டினால் கிராங்கின் பேரிங்குகள் அந்தப் பயணத்திலேயே போய்விடும்.

### அழுத்தம் குறைவு

யூனிட் எஞ்சின் சூடாக ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 65 முதல் 80 பவுண்டு, நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது 20 முதல் 25 பவுண்டு அழுத்தம் காட்ட வேண்டும். குறைந்தால் முதலில் அழுத்தம் விடுவிக்கும் வால்வைக் கழற்றிக் கழுவலாம். ப்ரீ-யூனிட் எஞ்சினில் கிராங்கின் முனை டைமிங் கவரிலுள்ள வெண்கல புஷ்ஷில் சுழல்கிறது. அது தேய்ந்தால் அழுத்தம் அங்கேயே கசிந்துவிடும். யூனிட்டில் அந்த இடத்தில் ஆயில் சீல் உள்ளது. அதை வீட்டில் மாற்றலாம், வெண்கல புஷ்ஷை லேத் பட்டறையில்தான் மாற்ற வேண்டும்.

வண்டியின் முன்வரலாறு தெரியாதென்றால், அழுத்தம் சரியாகவே இருந்தாலும் ஓட்டுவதற்கு முன் கிராங்குக்குள் இருக்கும் ஸ்லட்ஜ் ட்ராப்பைச் சுத்தம் செய்துவிட வேண்டும். பழைய ஆயிலின் கசடு அதில் பல்லாண்டுகளாக இறுகியிருக்கும். இக்கால டிடர்ஜென்ட் ஆயில் அதைப் பெயர்த்துவிட்டால் கனெக்டிங் ராடின் பெரிய முனைக்குச் செல்லும் ஆயில் துளை அடைபடும். எஞ்சினை முழுதும் பிரித்தாக வேண்டிய வேலை இது. கிராங்க் வெளியே வந்துவிட்ட அந்த நேரத்திலேயே அதைப் பேலன்ஸ் பார்க்கவும் கொடுத்துவிடலாம்.

## ஆயில் கசிகிறது

எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் கசியத் தொடங்கினால் கேஸ்கட் வாங்கக் கடைக்குப் போக வேண்டாம். கிராங்க்கேஸின் காற்றுக்குழாய் சட்டத்தின் ஏதோ ஒரு மூலையில் மடங்கியோ அடைபட்டோ இருக்கும். ஒரே இடத்தில் கசிந்தால் புஷ்ராட் குழாயின் ரப்பர் வளையங்கள், ராக்கர் ஆயில் குழாயின் செப்பு வாஷர்கள் என்ற வரிசையில் பார்க்கலாம். செப்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மென்மையாகி மீண்டும் பயன்படும். ஹெட்டில் வால்வு இருக்கைக்கும் போல்ட் துளைக்கும் நடுவே விரிசல் தெரிந்தால் அலுமினிய வெல்டிங் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

## ஒரு சிலிண்டர் மட்டும் விட்டுவிட்டு ஓடுகிறது

ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்தில் இரண்டு சைலன்சர் குழாய்களின் தொடக்கத்திலும் ஒரு சொட்டு நீர் விட்டால், ஆவியாகாத பக்கம் எது என்று தெரியும். பிளக்குகளை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். பழுதும் இடம் மாறினால் பிளக். அடுத்து ஹெச்டி வயர்கள். அதற்கும் அசையவில்லையென்றால் அந்தப் பக்கக் கார்புரேட்டரின் பைலட் ஜெட். பின்னர் கார்புரேட்டர் ஃபிளாஞ்சில் நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்கலாம். அளவுக்கு மீறி இறுக்கியதால் வளைந்துபோய்க் காற்று புகுவது அமல் கார்புரேட்டர்களின் பழைய நோய். கண்ணாடித் தட்டின்மேல் உப்புத்தாள் விரித்துத் தேய்த்து நேராக்கலாம். கம்ப்ரஷன் அளந்து ஒரு பக்கம் வெகுவாகக் குறைந்திருந்தால் மட்டும் ஹெட்டைக் கழற்றலாம்.

## கிளட்ச் நழுவுகிறது, அல்லது விடுவதில்லை

நின்றிருந்த வண்டியில் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் செய்யும் முன் கிளட்ச் லீவரைப் பிடித்தபடி கிக்கரை ஓரிரு முறை இறக்கினால் விடுபடும். விடுபட்டும் கியர் விழும்போது கரகரத்தால் அழுத்தும் தட்டு சாய்வாக எழும்புகிறது. லீவரைப் பிடித்துக் கிக்கரை இறக்கியபடி தட்டின் ஆட்டத்தைப் பார்த்து, ஸ்பிரிங் நட்டுகளை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும்.

நழுவினால் கேபிளில் தளர்ச்சி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. தளர்ச்சி இருந்தும் நழுவினால், வண்டியில் இருப்பது நார்ட்டன் கியர்பாக்ஸா என்று பார்க்க வேண்டும். அதில் கியர் ஆயில் கிளட்ச் புஷ்ராட் வழியே ஊர்ந்து வந்து தகடுகளை நனைப்பது தெரிந்த தொல்லை. தகடுகளைக் கழுவி, கியர்பாக்ஸ் ஆயில் மட்டத்தைச் சரியான அளவுக்குக் குறைத்தால் பெரும்பாலும் தீரும்.

பிரைமரி செயின் விரைவில் தேய்ந்தாலோ ஊளையிட்டாலோ, எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டும் கிளட்ச் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் இல்லை. இரண்டின் பல் முகங்களிலும் எஃகு நேர்ச்சட்டத்தை வைத்து, இடைவெளி தெரியும் அளவுக்கு ஷிம் சேர்க்க வேண்டும். இரு நிறுவனப் பாகங்களைச் சேர்த்தவர் அவசரப்பட்டிருந்தால் அது இங்கேதான் முதலில் வெளிப்படும்.

## அதிர்வு தாங்க முடியவில்லை

இந்த எஞ்சின் ஓரளவு அதிரத்தான் செய்யும். கண்ணாடி மங்கும் அளவு இயல்பு. விளக்கு பல்புகள் உடைவதும் டேங்க் விரிசல் விடுவதும் இயல்பல்ல. ஹெட்டிலிருந்து சட்டத்துக்குச் செல்லும் ஹெட் ஸ்டெடி பொருத்தப்பட்டிருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு எஞ்சின் தட்டுகளின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தால், துளை நீள்வட்டமாகியிருப்பது தெரியவரும். அப்படியானால் இறுக்குவதில் பயனில்லை. தட்டைப் புதிதாக வெட்டி, துளைக்குப் பிசகாமல் பொருந்தும் போல்ட்டுகளைப் போட வேண்டும். தட்டுகள் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உலுக்கினால் கிராங்கைப் பேலன்ஸ் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதுதான்.

## பல்புகள் எரிந்துபோகின்றன, அல்லது பேட்டரி ஏறுவதில்லை

12 வோல்ட் வண்டியில் எஞ்சினை 3000 சுற்றுக்கு ஏற்றி பேட்டரி முனைகளில் அளக்கலாம். 15 வோல்ட்டைத் தாண்டினால், மிகை வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஜீனர் டையோடின் எர்த் இல்லை, அல்லது அது போய்விட்டது. அது பொருந்தும் தட்டில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட வேண்டும். 13 வோல்ட்டைக்கூடத் தொடவில்லையென்றால் ரெக்டிஃபையர் இணைப்பையும் எர்த்தையும் பார்த்து, அதன்பின் ஆல்டர்னேட்டரைச் சோதிக்க வேண்டும்.

## வேகத்தில் வண்டி அலைகிறது

ஃபெதர்பெட் சட்டம் நேராகச் செல்வதற்குப் பெயர்போனது. அலைகிறதென்றால் அதில் ஏதோ இருக்கிறது. டயர்க் காற்று, சக்கரங்களின் நேர்கோடு, ஸ்டியரிங் ஹெட் பேரிங்கின் ஆட்டம், ஸ்விங் ஆர்ம் புஷ்களின் பக்கவாட்டு ஆட்டம் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். இவை அனைத்தும் சரியாயிருந்தும் இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் வராவிட்டால், எப்போதோ நடந்த மோதலில் சட்டம் முறுகியிருக்கிறது. அதை ஜிக்கில் மாட்டி நேராக்கும் பட்டறையே இறுதி வழி. வண்டியைப் பிரித்த முதல் வாரத்திலேயே நூல் கட்டி இந்த அளவைப் பார்த்துவிட வேண்டும். பவுடர் கோட்டிங் முடிந்தபின் தெரியவந்தால், நேராக்கிய கையோடு அந்தச் செலவையும் மறுபடி செய்ய நேரும்.